கம்பெனிப் பரிசுக்கு எந்தப் பேனா? பார்க்கர், கிராஸ், லாமி, அப்புறம் திருவள்ளூர் கடைசல் பேனா

பேனாவைப் பரிசாகக் கொடுக்கலாம் என்று மேனேஜ்மென்ட் முடிவெடுப்பது பெரும்பாலும் ஆயுத பூஜைக்கு முந்தைய மாதம். எந்தப் பேனா என்று பார்க்கிற வேலை அட்மின் பக்கம் வந்து விழும், அதாவது எங்கள் ஆபீஸில் என் தலையில். பூஜையில் வைத்துக் கும்பிடுகிற சாமானையே பரிசாகத் தருவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. டிராவல் பேக், ஸ்டீல் பாட்டில், பவர் பேங்க் என்று எல்லாரும் கொடுத்துச் சலித்த வரிசையில் பேனாவுக்கு இன்னும் மரியாதை குறையவில்லை. யுபிஐ வந்தாலும் செக்கில், டெலிவரி சலானில், பிள்ளையின் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

சப்ளையர் அனுப்பும் கேட்டலாக்கில் எல்லாப் பேனாவும் ஒரே மாதிரி பளபளக்கும். போட்டோவைப் பார்த்து முடிவெடுக்கவே கூடாது. நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உள்ளே இருக்கும் ரீஃபில் தீர்ந்தால் அடுத்ததை எங்கே வாங்குவது? நல்ல பேனா சுலபத்தில் கெடாது. மைதான் தீரும். பக்கத்துக் கடையில் கேட்டால் 'அந்த சைஸ் வராது சார்' என்பார்கள். ஆன்லைனில் தேடி வாங்கும் பொறுமை ஓரிருவருக்குத்தான் இருக்கும். மற்றவர்களின் பேனா டிராயருக்குள் போய்விடும். மேலே பெயர் பொறித்திருப்பதால் தூக்கிப் போடவும் மனசு வராது, அடுத்தவருக்குக் கொடுக்கவும் முடியாது. அதனால் பிராண்டின் பெருமையைவிட ரீஃபிலுக்கே நான் அதிக மார்க் போடுகிறேன்.

அந்தக் கணக்கில் பார்க்கர் எல்லாரையும் முந்துகிறது. 1888-ல் அமெரிக்காவின் ஜேன்ஸ்வில்லில் தொடங்கிய கம்பெனி, இப்போது நியூவெல் பிராண்ட்ஸ் கையில் இருக்கிறது. இந்தியாவில் லக்ஸர் நிறுவனம் பல வருடம் உரிமம் வாங்கித் தயாரித்து விற்றது. அமிதாப் பச்சன் விளம்பரமும் சேர்ந்துகொள்ள, பார்க்கர் என்ற பெயரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முக்கியமான விஷயம், பார்க்கர் பால்பாயிண்ட் ரீஃபிலின் அளவு உலகப் பொது அளவாகவே ஆகிவிட்டது. ஐஎஸ்ஓ 12757-2 என்ற தரத்தில் ஜி2 என்று அதற்குப் பெயர். பார்க்கர் ரீஃபில் கிடைக்காத ஊரிலும் அதே அளவில் வேறு கம்பெனி போடுகிற ரீஃபில் கிடைக்கும், ஜெர்மனியின் ஷ்மிட் உட்பட. ஒரு எச்சரிக்கை: பைலட் கம்பெனியின் ஜி2 ஜெல் பேனா வேறு, அதன் ரீஃபில் இதில் ஏறாது. பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டுவிட்டு முழிக்கிறவர்கள் உண்டு.

பார்க்கருக்குள்ளேயே ஏகப்பட்ட படிகள். பீட்டா, வெக்டர் இரண்டும் சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். எழுதுவதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தெருமுனை ஸ்டேஷனரிக் கடையில் அட்டையில் தொங்குகிற பேனா அது, விலை எல்லாருக்கும் தெரியும். பயிற்சி வகுப்பு, டீலர் மீட் மாதிரி கூட்டமாகக் கொடுக்கும் இடத்துக்குச் சரி. 'பத்து வருஷம் எங்களோடு இருந்தீர்கள்' என்று சொல்லிக் கொடுக்கிற பரிசுக்கு அது போதாது.

அங்கே ஜாட்டர் வருகிறது. 1954-ல் வந்த மாடல், இன்றும் பெரும்பாலும் அதே வடிவம். பட்டனை அழுத்தினால் 'டிக்', கிளிப் அம்பு வடிவில். முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடம்பாக வருகிறதே, அதைத்தான் நான் சொல்கிறேன். பெயின்ட் உரியாது, கீறல் விழுந்தாலும் அசிங்கமாகத் தெரியாது, கீழே விழுந்தால் எடுத்துத் துடைத்துவிட்டு எழுதலாம். மீட்டிங்கில் உட்கார்ந்து அந்த 'டிக் டிக்'கை அழுத்திக்கொண்டே இருப்பவர் உங்கள் பட்டியலில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். இதற்கு மேலே ஐஎம், அதற்கும் மேலே சானெட். ஐஎம் கனமாக, பார்வைக்கு 'ஆபீஸர் பேனா' மாதிரி இருக்கும். சானெட் ஆயிரங்களில் போகும். இரண்டுக்கும் அதே ஜி2 ரீஃபில்தான் என்பதால் பணம் கூடுவது தோற்றத்துக்கும் பிடிமானத்துக்கும் மட்டுமே என்று தெரிந்துகொண்டு வாங்கலாம்.

பெட்டியின் மேல் ஜிடி, சிடி என்று போட்டிருப்பார்கள். ஜிடி என்றால் கிளிப்பும் வளையமும் தங்க முலாம், சிடி என்றால் குரோம். நம்மவர்களுக்குத் தங்க நிறம் என்றால் ஒரு ஈர்ப்பு, பெட்டியைத் திறந்ததும் ஜிடிதான் கண்ணைப் பறிக்கும். ஆனால் சென்னை வியர்வையில், சட்டைப் பையின் உரசலில், முலாம் முதலில் மங்குவது கிளிப்பின் நுனியில். இரண்டு வருடம் கழித்து அந்தப் பேனாவை வாங்கியவர் கையில் பார்த்தால் சிடி புதுசு மாதிரியும் ஜிடி பழசு மாதிரியும் இருக்கும். நான் சிடிதான் வாங்குகிறேன்.

கிராஸ் இன்னும் பழைய கம்பெனி. 1846-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்து பிராவிடன்ஸ் நகரில் தொடங்கியது. அமெரிக்க ஜனாதிபதிகள் சட்டங்களில் கையெழுத்துப் போட்ட பேனா என்ற பெயரும் அதற்கு உண்டு. அதன் கிளாசிக் செஞ்சுரி மாடல் 1946-ல், கம்பெனியின் நூற்றாண்டில் வந்தது. மெலிசாக, முறுக்கினால் முனை வெளியே வருகிற பேனா. சத்தமே வராது. சட்டைப் பையிலும் கைப்பையிலும் இருப்பதே தெரியாது. பெண்கள் கிராஸைத்தான் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்பது நான் கவனித்தது. பெரிய கை உள்ளவர்களுக்கு அதே மெலிவு தொல்லை, இரண்டு பக்கம் எழுதினால் விரல் வலிக்கும். மெக்கானிசத்துக்கு வாழ்நாள் உத்தரவாதம் தருகிறார்கள், அது நிஜமான பலம். முலாம் தேய்வது அதில் சேராது.

ரீஃபில் பக்கம்தான் கிராஸ் இடறுகிறது. மெலிந்த உடம்புக்கு ஏற்ற மெலிந்த ரீஃபில், மரையில் திருகி மாட்டுகிற வகை, கிராஸுக்கென்றே தனி. பெரிய நகரத்துப் பேனாக் கடைகளில் கிடைக்கும். கரூரிலோ தென்காசியிலோ இருக்கிற உங்கள் டீலர் ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். அதனால் கிராஸ் கொடுத்தால் பெட்டிக்குள் கூடுதலாக இரண்டு ரீஃபில் வைத்துக் கொடுங்கள். பரிசின் விலையோடு ஒப்பிட்டால் பெரிய செலவில்லை, வாங்குகிறவருக்கு அது யோசித்துச் செய்ததாகத் தெரியும்.

ஷீஃபர் வெள்ளைப் புள்ளி போட்ட பேனா. அமெரிக்க பிராண்டாகப் பிறந்து கிராஸின் கைக்குப் போய், 2022-ல் பெங்களூரைச் சேர்ந்த வில்லியம் பென் நிறுவனத்தின் சொத்தாகிவிட்டது. நம் நாட்டுக் கம்பெனி என்பதால் மொத்த ஆர்டருக்குப் பேசுவதும், சர்வீஸ் கேட்பதும் சுலபம். பார்க்கர் வேண்டாம், எல்லாரும் கொடுக்கிறார்கள் என்று எம்டி சொன்னால் நான் நகர்வது இங்கேதான். வாட்டர்மேன் அழகு, ஆனால் பார்க்கர் இருக்கும் அதே குழுமத்தின் பேனாவுக்கு அதைவிடக் கூடுதல் விலை கொடுத்து, நம் ஊரில் பலருக்குத் தெரியாத பெயரைப் பரிசளிப்பதில் எனக்கு ஈடுபாடில்லை.

லாமி பற்றி ஆபீஸில் எப்போதும் சண்டை வரும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 1930-ல் தொடங்கியது, 2024-ல் ஜப்பானின் மிட்சுபிஷி பென்சில் வாங்கிவிட்டது. மிட்சுபிஷி பென்சில் என்பது யூனிபால் பேனா செய்கிற கம்பெனி, கார் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லாமியின் சஃபாரி 1980-ல் பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்து வந்தது. விரல் உட்காருவதற்கென்று பிடியில் வெட்டிய தளம், பெரிய கம்பி கிளிப், உறுதியான பிளாஸ்டிக் உடம்பு. டிசைனர், ஆர்க்கிடெக்ட், சாஃப்ட்வேர் ஆட்களிடம் கொடுத்தால் முகம் மலரும். அதையே ஒரு அரிசி ஆலை முதலாளியிடம் கொடுத்துப் பாருங்கள். 'பிளாஸ்டிக் பேனாவா?' என்று வாய்விட்டுக் கேட்க மாட்டார், நினைப்பார். நீங்கள் கொடுத்த விலை அவருக்குத் தெரியப்போவதில்லை, கையில் கனம் இல்லை என்பதுதான் தெரியும். ரீஃபிலும் லாமிக்கென்று தனி அளவு. தரத்தில் சஃபாரியை நான் ஜாட்டருக்கு மேலே வைப்பேன், பரிசில் கீழே வைப்பேன்.

மோன்பிளாங்க்கை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 1924 முதல் வருகிற மைஸ்டர்ஸ்டுக், தொப்பியின் உச்சியில் வெள்ளை நட்சத்திரம், நிப்பில் மோன் பிளாங்க் மலையின் உயரமாகப் பொறித்த 4810. அருமையான பொருள், மறுக்கவில்லை. விலை பல பத்தாயிரங்கள். தொழில் நிமித்தம் ஒருவருக்குத் தரும் பரிசும் சலுகையும் ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வரிப் பிடித்தம், பார்க்க வேண்டும் என்ற விதி 2022 ஜூலையிலிருந்து இருக்கிறது. பரிசைக் கொடுத்துவிட்டு, 'சார், உங்கள் பான் நம்பர் வேண்டும்' என்று பின்னாலேயே போன் போடுவது எப்படி இருக்கும்? அதோடு போலி அதிகம் புழங்கும் பேனா அது. வாங்கியவருக்கே இது ஒரிஜினலா என்ற சந்தேகம் ஒரு ஓரத்தில் இருக்கும், கேட்கவும் முடியாது. தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் பீரோவை விட்டு வெளியே எடுக்கவும் மாட்டார். ஓய்வு பெறும் சேர்மனுக்கு ஒன்று வாங்கலாம். பட்டியல் போட்டு வாங்குகிற பேனா அது கிடையாது.

பிராண்டைவிட பெரிய முடிவு ஒன்று இருக்கிறது, பலரும் அதை சப்ளையரிடம் விட்டுவிடுகிறார்கள்: பால்பாயிண்டா, ரோலர்பாலா, மைப்பேனாவா? ஒரே மாடல் மூன்று வகையிலும் வரும், போட்டோவில் வித்தியாசம் தெரியாது. ரோலர்பால் வழுக்கிக்கொண்டு எழுதும், முதல் கையெழுத்திலேயே ஆளை மயக்கும். அதன் மை தண்ணீர் சேர்ந்தது, தாளில் தாராளமாக இறங்கும், அதனால் பால்பாயிண்ட்டைவிட சீக்கிரம் தீரும். மூடியைத் திறந்து போட்டால் உலரும், சட்டைப் பையில் அப்படியே செருகினால் துணியில் ஊறும். கார்பன் வைத்த பில் புத்தகத்தில் அழுத்தி எழுத வேண்டிய ஆட்களுக்கு அது உதவாது. பால்பாயிண்ட்டின் எண்ணெய் மை மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் எடுத்தவுடன் எழுதும். பரிசுப் பேனா என்பது தினமும் எழுதப்படாத பேனா. எனக்கு அந்த ஒரு காரணமே போதும். கடைக்காரர் 'ரோலர்தான் சார் ரிச்சா இருக்கும்' என்று எவ்வளவு சொன்னாலும் நான் பால்பாயிண்ட்தான் கேட்பேன்.

மைப்பேனா வேறு கதை. எல்லாருக்கும் கொடுத்தால் வீண். மை நிரப்பிப் பழகாத இளைஞர்கள் கையிலும் மேசையிலும் கறை பண்ணிக்கொண்டு ஓரம் வைத்துவிடுவார்கள். ஆனால் பத்தாவது பாஸானதற்கு மாமா வாங்கித் தந்த ஹீரோ பேனாவை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிற தலைமுறை ஒன்று இருக்கிறது. டாக்டர், வக்கீல், காலேஜ் பிரின்சிபால், பழைய ஆடிட்டர்கள். அவர்களுக்கு ஒரு நல்ல மைப்பேனா கொடுத்தால் அடுத்த முறை பார்க்கும்போது அதைச் சட்டையிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். பால்பாயிண்ட் கொடுத்தவர்கள் அப்படிக் காட்டுவதில்லை.

இந்தச் சின்ன கூட்டத்துக்கு வெளிநாட்டு பிராண்டைத் தேட வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கட்சி. திருவள்ளூரில் ரங்கா பேனா இருக்கிறது. சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ கடையின் காமா பேனா இருக்கிறது. ஆந்திரத்தின் ராஜமுந்திரிக்குப் போனால் ரத்னம். ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய எபோனைட் கம்பியை லேத்தில் போட்டுக் கையால் கடைந்து எடுக்கிற பேனாக்கள் இவை. கையில் எடுத்த உடனே பிளாஸ்டிக்கும் இல்லை, உலோகமும் இல்லை என்று விரலுக்குத் தெரியும். எடை குறைவு, தொட்டால் குளிராது, வியர்த்த கையிலும் வழுக்காது. உலகம் முழுக்கப் பேனாப் பிரியர்கள் திருவள்ளூருக்கு ஆர்டர் போட்டு வரவழைக்கிறார்கள், அந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் நாம் பெட்டி வைத்த பார்க்கர் தேடுகிறோம். சாத்தூர் என்றால் சேவும் வெள்ளரிக்காயும் சொல்கிற நாம், ஒரு காலத்தில் அந்த ஊரே பேனா நிப் செய்து பிழைத்தது என்பதை மறந்துவிட்டோம். பால்பாயிண்ட் வந்து அந்தத் தொழிலை அடித்துப் போட்டுவிட்டது.

சரி, பெருமையை விட்டு நடைமுறைக்கு வருவோம். கடைசல் பேனாவில் பழைய முறை, உடம்பு முழுக்க நேரடியாக மை ஊற்றுவது. நிறைய மை பிடிக்கும், நாள்கணக்கில் எழுதலாம். மை பாதிக்குக் கீழே இறங்கியதும் கைச்சூட்டில் உள்ளே காற்று விரிந்து நிப் வழியாக ஒரு சொட்டைத் துப்பும். வெள்ளைச் சட்டைக்காரருக்கு அது பரிசாகத் தெரியாது. அதனால் கார்ட்ரிட்ஜும் (மை அடைத்து வரும் குழாய்) கன்வெர்ட்டரும் (புட்டியிலிருந்து மையை உறிஞ்சிக்கொள்ளும் குழாய்) ஏற்கிற வகையைக் கேட்டு வாங்குங்கள், ரங்காவில் ஜெர்மன் நிப்போடு அப்படிக் கிடைக்கிறது. கருப்பு எபோனைட் வெயிலில் கிடந்தால் பழுப்பேறும், மேசையில் ஜன்னலோரம் நிற்க வைக்க வேண்டாம் என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போடலாம். பெட்டி என்றதும் ஒன்று: வெளிநாட்டு பிராண்டுகள் கூடவே தருகிற மாதிரி கனத்த பெட்டி இவற்றோடு வரும் என்று எண்ணாதீர்கள், நல்ல பெட்டி நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். கைவேலை என்பதால் அடுத்த வாரம் வேண்டும் என்றால் நடக்காது. இரண்டு மூன்று மாதம் முன்னால் சொன்னால், நிறமும் வடிவமும் நிப்பின் பருமனும் ஆளுக்கு ஏற்றபடி கேட்க முடியும். எந்தப் பெரிய பிராண்டும் கம்பெனி ஆர்டருக்கு இந்தச் சலுகையைத் தராது.

அடுத்தது பெயர் பொறிப்பது. பேனாவைப் பரிசாக்குவதே அதுதான், அதிகம் சொதப்புவதும் அதில்தான்.

முதலில் லோகோ. மார்க்கெட்டிங்கில் இருப்பவர்கள் கம்பெனி லோகோவைப் பெரிதாகப் பேனாவிலேயே போடச் சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். லோகோ போட்ட பேனா கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற கட்சிக்கரை வேட்டி மாதிரி, எல்லா இடத்துக்கும் எடுத்துப் போக முடியாது. பேனாவில் வாங்குகிறவரின் பெயர் மட்டும் இருக்கட்டும், லோகோவைப் பெட்டியின் உள்மூடியில் அடித்துக்கொள்ளலாம்.

லேசரில் வெட்டும்போது என்ன நிறம் வரும் என்பது உலோகத்தைப் பொறுத்தது. பித்தளை மேல் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சு பூசிய பேனாவில் பூச்சு எரிந்து கீழிருக்கும் பித்தளை தெரியும், கருப்பில் பொன்னிற எழுத்தாக அழகாக வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சாம்பல் நிறம், அடக்கமாக இருக்கும். பளபளக்கும் குரோமில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் பெயர் தெரியும். எபோனைட்டில் வெட்டிய தடத்தில் நிறம் நிரப்ப வேண்டும். அச்சடிப்பது மலிவு, ஆனால் சட்டைப் பையில் உரசி உரசி இரண்டாம் எழுத்திலிருந்து அழியத் தொடங்கும். ஒரு மாதிரி போட்டு வாங்கிக் கையில் பார்க்காமல் மொத்தத்துக்கும் சரி சொல்லாதீர்கள்.

பெயர்ப் பட்டியலை ஹெச்ஆர் அனுப்பும் எக்செலிலிருந்து அப்படியே கொடுத்தால், சம்பளப் பட்டியலில் இருப்பது போல எல்லாமே பெரிய எழுத்தில், இனிஷியல் பின்னால் தொங்க வரும். ஐடி கார்டு மாதிரி இருக்கும். அவர் கையெழுத்தில் எப்படிப் பெயர் எழுதுகிறாரோ அப்படிப் போட வேண்டும், இனிஷியல் முன்னால் என்றால் முன்னால். தமிழில் பெயர் போட்டால் வாங்குகிறவர்களுக்கு அலாதி சந்தோஷம், தயங்காமல் செய்யுங்கள். ஆனால் கவனம் வேண்டும். யூனிகோடில் டைப் செய்த பெயரை எடுத்துப் பொறிக்கிற கடையின் பழைய சாஃப்ட்வேரில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும். 'செந்தில்' என்ற பெயரில் ஒற்றைக் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நிற்கும், 'பொன்னி' துண்டு துண்டாகும். பொறிக்கிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அப்படியே வெட்டித் தந்துவிடுவார். எழுத்தை வடிவமாக மாற்றி பிடிஎஃப்பில் கொடுப்பது பாதுகாப்பு, 'கர்வ்ஸ்ல குடுங்க சார்' என்று நல்ல கடைக்காரரே கேட்பார். மெலிந்த கிராஸில் தமிழ்ப் பெயர் வேண்டாம், எழுத்தைச் சிறிதாக்கினால் ணை, ழு, ஞ போன்றவற்றின் சுழி அடைத்துக்கொள்ளும். ஜாட்டரின் உடம்பில் தாராளமாக உட்காரும்.

பட்ஜெட் போடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பரிசாகக் கொடுத்துவிடும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது, மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுக்கிறது. ஆகவே வரி உட்பட்ட விலைதான் உண்மை விலை, சப்ளையரின் கொட்டேஷனில் 'வரி தனி' என்று சின்ன எழுத்தில் இருப்பதைக் கூட்டிக்கொண்டு ஒப்பிடுங்கள். பில் அந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடமிருந்து வர வேண்டும். எல்லாரும் சொல்கிற விலைக்கு மிகக் கீழே ஒருவர் பார்க்கர் தருகிறேன் என்றால் ஏன் என்று கேளுங்கள். அரசு அதிகாரிகள், வங்கி மேலாளர்கள், பன்னாட்டுக் கம்பெனிகளின் பர்ச்சேஸ் ஆட்கள் பெயரைப் பட்டியலிலிருந்து முதலிலேயே எடுத்துவிடுவது அவர்களுக்கும் நல்லது. பரிசு வாங்குவதில் அவர்களுக்கு வரம்பு இருக்கும், திருப்பி அனுப்ப வேண்டிய சங்கடத்தை நாம் உண்டாக்க வேண்டாம்.

நூறு பேர் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் ஒரே பேனா என்பது வாங்குகிறவனுக்கு வசதி, அவ்வளவுதான். நான் எண்பது பேருக்கு ஸ்டீல் ஜாட்டர், தமிழில் பெயர் போட்டு. பதினைந்து பேருக்கு, அதாவது பெரிய வாடிக்கையாளர்கள், துறைத் தலைவர்கள், கிராஸோ ஷீஃபரோ, கூடவே இரண்டு ரீஃபில். நிஜமாகவே எழுதுகிறவர்கள் என்று தெரிந்த ஐந்து பேருக்குத் திருவள்ளூர்ப் பேனா, ஒரு மைப் புட்டியோடு. ஒரே மேசையில் உட்காருகிற இரண்டு பேருக்கு வேறு வேறு பேனா போகாதபடி மட்டும் பட்டியலைப் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நன்றிக்குப் பதில் மனஸ்தாபம் வந்து சேரும். அப்புறம், பெயர் பொறிக்காத பேனா நாலைந்து கூடுதலாக வாங்கிக் கையில் வைத்திருங்கள். பரிசு கொடுக்கிற அன்று காலையில் பட்டியலில் இல்லாத யாராவது ஒருவர் கட்டாயம் வந்து நிற்பார்.